ஹோரஸ் பாக்கி வைத்த பரீட்சை

கனடா போய்வந்தேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, "நயாகரா பார்த்தீங்களா?" என்றுதான். பார்க்கவில்லை. பார்ப்பதற்கென்று ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி வைத்திருந்தோம். அந்தச் சனிக்கிழமை டொரொண்டோவின் மேற்குப் பக்கம் பார்க்டேல் என்ற பகுதியில், ஒரு நூலகத்தின் சின்ன அறையில், எண்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவர் சொல்லச் சொல்ல நான் கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். அருவி போனால் போகட்டும், அதற்கு மேலேயே பார்த்துவிட்டேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரி. அரசு கலைக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தபோது என் அறைத்தோழி மலர். யாழ்ப்பாணத்தில் பிரச்சினை பெரிதானதும் படிப்பைத் தொடர எங்கள் பக்கம் அனுப்பப்பட்டவள். பிறகு கனடா போய்விட்டாள். "வா, வா" என்று இத்தனை வருடம் தொலைபேசியில் கூப்பிட்டவளிடம், ஓய்வு பெற்ற பிறகு சொல்ல எந்தச் சாக்கும் மிஞ்சவில்லை. கிளம்பிவிட்டேன்.

விமான நிலையத்துக்கு மலரும் அவள் கணவர் ராசனும் வந்திருந்தார்கள். மலர் என்னைக் கட்டிக்கொண்டு, "எடி சாந்தி, அப்பிடியே இருக்கிறாய்!" என்றாள். பொய். ராசன் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இதுக்குள்ள என்ன, கருங்கல்லோ?" என்றார். கருப்பட்டி. இரண்டுக்கும் எடையில் அதிக வித்தியாசமில்லை.

அவர்கள் வீடு நகரத்துக்குக் கிழக்கே, பிக்கரிங்கில். புது வீடுகள் வரிசையாக, ஒன்றைப் போலவே இன்னொன்று. இலைகள் நிறம் மாறும் பருவம். மஞ்சளும் சிவப்புமாக மரங்கள் நிற்க, அடியில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் குப்பை அள்ளுவதுபோல அந்த அழகை அள்ளிக் காகிதப் பைகளில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். மலர் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வைத்திருந்தாள். எங்கள் ஊர்ச் சொதி கல்யாணத்துக்கு மறுநாள் வைப்பது, காய்கறியெல்லாம் போட்டுக் கெட்டியாக இருக்கும். இவளுடையது தண்ணியாக, எலுமிச்சைப் புளிப்போடு, குடிக்கலாம்போல இருந்தது. குடித்தேன்.

மறுநாள் காலை ராசன் ஒரு பெரிய பையில் சாப்பாட்டுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கத்தரிக்காய்க் குழம்பு, புட்டு, ஆட்டிறைச்சி ரோல்ஸ்.

"யாருக்கு அண்ணே?" என்று கேட்டேன்.

"ஒஷாவாவில ஒராள் இருக்கிறார் ரீச்சர். என்ர பழைய கூட்டாளி. வாறியளோ? உங்களைச் சந்திக்கவேணும் எண்டு அவர் கனநாளாக் கேட்டுக்கொண்டிருக்கிறார்."

"என்னையா? என்னை எப்படித் தெரியும்?"

மலர் சமையலறையிலிருந்து சிரித்தாள். "கணக்கு ரீச்சர் ஒராள் இந்தியாவில இருந்து வாறா எண்டு இவர் போய்ச் சொல்லிப்போட்டார். போ, போய்ப் பார். உதுக்கு மேல நான் சொல்லமாட்டன்."

காரில் போகும்போது ராசன் சொன்னார். அகதியாக வந்து இறங்கியபோது அவர் பார்க்டேலில் ஒரே அறையில் பலரோடு படுத்துக் கிடந்தவர். வேலை கிடைத்தது ஒஷாவாவில், ஒரு கார்த் தொழிற்சாலையில். இங்கிலீஷ் வாயில் வராது. முதல் வாரமே வேலை போயிருக்கும். பக்கத்தில் நின்ற கறுப்பின மனிதர் ஒருவர் தன் வேலையையும் பார்த்து இவர் வேலையிலும் பாதியைப் பார்த்திருக்கிறார். பனிக்காலத்தில் பஸ் நிறுத்தத்துக்கு வந்து காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அவர்தான் ஹோரஸ்.

"அந்தாள் ஸ்பானரைக் காட்டி ஸ்பானர் எண்டு சொல்லித் தந்தது. அப்பிடித்தான் நான் இங்கிலீஷ் படிச்சனான். இப்ப அந்தாளுக்கு நான் கணக்குப் புத்தகம் வாசிக்கிறன். விளங்கி வாசிக்கிறேல்லை, சும்மா வாசிக்கிறன்."

"கணக்குப் புத்தகமா?"

"போனால் விளங்கும்."

ஹோரஸ் கதவைத் திறந்தபோது எனக்கு முதலில் தெரிந்தது அவர் உயரம். அடுத்தது, அவர் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பக்கத்தில் எதையோ பார்க்கிறார் என்பது. கண்ணில் நடுப்பார்வை போய்விட்டதாம். ஓரத்தில் நிழல்போலத் தெரியுமாம். அதனால் ஆளைப் பார்க்கவேண்டுமென்றால் வேறு பக்கம் திரும்பவேண்டும். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி. வீட்டில் இருக்கும்போது யாரும் கழுத்துப்பட்டி கட்டி நான் பார்த்ததில்லை.

"பேராசிரியரே, வாருங்கள்" என்றார். "உங்களுக்காக அடுப்பில் பயறு இருக்கிறது."

பன்றி இறைச்சி போடாமல் எனக்கென்று தனியாக வைத்திருந்தார். மூடியைத் திறந்து பார்த்தால் நம் தட்டைப்பயறு. வெள்ளை உடம்பும் கறுப்புக் கண்ணும். கூடவே நீளமாக நறுக்கி வதக்கிய ஏதோ கீரை, மக்காச்சோள மாவில் சுட்ட ரொட்டி. இது எங்கள் ஊர்ப் பயறு என்றேன். "இல்லை, எங்கள் ஊர்ப் பயறு. ஆப்பிரிக்காவிலிருந்து எங்களோடு கப்பலில் வந்தது" என்றார். அங்கிருந்துதான் எங்களுக்கும் வந்திருக்குமோ என்னவோ. இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன்.

சாப்பாட்டு மேசையின் மறுபாதியில் தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. வகைக்கெழுச் சமன்பாடுகள். நான் எத்தனையோ வருடம் நடத்திய பாடம்.

அன்று மதியம் முழுவதும் ஹோரஸ் பேசினார். நான் கேட்டேன். இடையில் ராசன் தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

ஹோரஸ் அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றில் பிறந்தவர். அவர் படித்தது அங்கே கறுப்பின மக்களுக்கென்று ஏற்பட்ட அரசுக் கல்லூரியில். இப்போது அது பல்கலைக்கழகம். பெயர் எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "அது எங்களுக்குள் உள்ள விஷயம்" என்றார், குடும்பத்துச் சண்டையைப் பற்றிச் சொல்வதுபோல.

அடிமை முறை ஒழிந்து ஒரு தலைமுறை போனபின், மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்ததாம். விவசாயமும் தொழில்நுட்பமும் கற்றுக்கொடுக்கும் கல்லூரிகளுக்குப் பணம் வேண்டுமென்றால், கறுப்பின மாணவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது முடியாதென்றால் அவர்களுக்கென்று தனியாக ஒன்று நடத்தவேண்டும். தென் மாநிலங்கள் தனியாகத்தான் நடத்தின.

"எங்களுக்கு ஒரு மேட்டு நிலத்தைக் கொடுத்தார்கள். எதுவும் விளையாத செம்மண். விளையாததால்தான் கொடுத்தார்கள்" என்றார் ஹோரஸ். "அந்த மண்ணைக் குழைத்து மாணவர்களே செங்கல் அறுத்துச் சூளை வைத்தார்கள். காலையில் வகுப்பு, மதியம் சூளை. அந்தச் செங்கல்லில் கட்டிய முதல் கட்டடத்தில்தான் நான் கணக்குப் படித்தேன். சுவரில் கை வைத்தால் சில கல்லில் விரல் பதிந்த பள்ளம் இருக்கும். ஈரமாக இருந்தபோது யாரோ தூக்கிய விரல்கள்."

முதலில் அங்கே உருவானவர்கள் பள்ளி ஆசிரியர்கள். பெரும்பாலும் பெண்கள். பட்டம் வாங்கிக்கொண்டு, பள்ளியே இல்லாத ஊர்களுக்குப் போய் தேவாலயத்திலும் கொட்டகையிலும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். விவசாயத்துறை ஆசிரியர்கள் வண்டியில் விதையும் கருவிகளும் ஏற்றிக்கொண்டு, கல்லூரிக்கு வரமுடியாத குத்தகை விவசாயிகளைத் தேடிப்போய்ப் பாடம் நடத்தினார்கள். வெள்ளையர் கல்லூரிக்குக் கிடைத்த பணத்தில் சின்னப் பங்குதான் இங்கே வரும். அதில் இத்தனையும்.

"ஆனால் ஒன்று" என்று ஹோரஸ் முன்னால் சாய்ந்தார். "எங்கள் பேராசிரியர்களைப்போல யாருக்கும் கிடைத்திருக்க மாட்டார்கள். வடக்கே பெரிய பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். அந்தப் பல்கலைக்கழகங்கள் பட்டம் கொடுக்கும், வேலை கொடுக்காது. கறுப்பர்களுக்கு அங்கே வேலை கிடையாது. அவர்களுக்குப் போக இடம் இல்லாததால் எங்களிடம் வந்தார்கள். உலகத்தின் அநியாயம் எங்கள் வகுப்பறையை நிரப்பியது."

என் கல்லூரி ஞாபகம் வந்தது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்த பிள்ளைகள். விடுதியில் பாதிச் சாப்பாட்டோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள். கட்டடத்துக்குப் பணம் கேட்டு நாங்கள் அனுப்பிய மனுக்கள். ஆனாலும் எங்கள் பிள்ளைகள் செங்கல் சுடவேண்டியிருக்கவில்லை.  

ஹோரஸ் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தார். அறுபதுகளின் தொடக்கம். நகரத்துக் கடை ஒன்றில் சாப்பாட்டுக் கவுண்டர் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்தது. இவரும் நண்பர்களும் நன்றாக உடுத்திக்கொண்டு, புத்தகங்களோடு போய் அங்கே உட்கார்ந்து காபி கேட்டார்கள். காபி வரவில்லை. போலீஸ் வந்தது. கல்லூரி நடப்பது மாநிலத்தின் பணத்தில். அவர்களை உடனே வெளியேற்றாவிட்டால் பணம் நிற்கும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். கல்லூரித் தலைவரும் கறுப்பினத்தவர்தான். கையெழுத்துப் போட்டார்.

"அவர்மேல் கோபமா?" என்று கேட்டேன்.

"நெடுநாள் இருந்தது. அவர் முன்னால் ஒரு பக்கம் நாங்கள் சிலர், மறுபக்கம் ஒரு கல்லூரி முழுவதும். எனக்குப் பிள்ளைகள் பிறந்தபிறகு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் போய்விடவில்லை."

எல்லாப் பாடங்களும் முடித்திருந்தார். வகைக்கெழுச் சமன்பாடுகள் மட்டும் பாக்கி. பரீட்சைக்கு முந்திய வாரம் வெளியேற்றினார்கள். அந்த மாநிலத்தில் வேறெந்தக் கல்லூரியும் சேர்க்கவில்லை, ஆசிரியர் வேலையும் கிடைக்காது. எல்லை தாண்டி இங்கே வந்தார். கார்த் தொழிற்சாலையில் சேர்ந்தார். கல்யாணம், பிள்ளைகள், மனைவியின் நோய், மரணம் எல்லாம் இங்கேதான். மறுபடி படிப்பதென்றால் முதல் வருடத்திலிருந்து தொடங்கவேண்டும் என்றார்கள். அதற்கு நேரமும் இல்லை. அதோடு, இவருக்கு வேண்டியது வேறு ஏதோ ஒரு பட்டம் இல்லை.

இப்போது அந்தப் பல்கலைக்கழகமே இவரைத் தேடிப்பிடித்து, நடந்தது அநீதி, கௌரவப் பட்டம் தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறது. ஹோரஸ் மறுத்துவிட்டார்.

"கௌரவப் பட்டம் அங்கே படிக்காதவர்களுக்குக் கொடுப்பது. நான் அங்கே படித்தவன். எனக்கு ஒரு பரீட்சை பாக்கி. அதை வையுங்கள், எழுதுகிறேன் என்று சொன்னேன்."



ஆக, பரீட்சை வைப்பதென்று முடிவாகிவிட்டது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கணிதத்துறைத் தலைவர், டாக்டர் ரெனே என்பவர், ஒரு கருத்தரங்குக்காக டொரொண்டோ வருகிறார். சனிக்கிழமை அவரே நேரில் வைக்கப்போகிறார். ஹோரஸால் எழுத முடியாது. வாயால் சொன்னால் இன்னொருவர் எழுதலாம் என்று அனுமதி. எழுதுபவராக நியமிக்கப்பட்டிருந்தவர் ராசன்.

"ஒத்திகை பாத்தம் ரீச்சர்" என்றார் ராசன், தலையைச் சொறிந்துகொண்டு. "மேல ஒரு டி, கீழ ஒரு டி இருந்துது. நான் ரெண்டையும் வெட்டிப்போட்டன்."

ஹோரஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த இரண்டு டியும் சேர்ந்துதான் வகைக்கெழுவின் குறி; கணிதம் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கொலை என்று தெரியும். நானும் சிரித்தேன். பிறகுதான் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு நான் எழுதுவேனா என்று காத்திருப்பது உறைத்தது.

தொலைபேசியில் டாக்டர் ரெனேயிடம் பேசினோம். எங்கள் ஊரில் பார்வையற்ற மாணவருக்கு எழுதுகிறவருக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்கக் கூடாது என்பார்கள், எனக்கு இதுதான் பாடம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.  டாக்டர் ரெனே, "அவர் சொல்வதை மட்டும் எழுதுவீர்களா? தவறாகச் சொன்னாலும்?" என்று கேட்டார்.

"வாழ்நாள் முழுக்கப் பரீட்சை ஹாலில் நின்று காப்பியடித்தவர்களைப் பிடித்தவள் நான்" என்றேன்.

"அப்படியானால் சரி" என்றார்.

அடுத்த சில நாட்கள் தினமும் ஒஷாவா. ஒரு நாள் ராசனுக்கு மருத்துவரைப் பார்க்கவேண்டியிருந்ததால் நானே ரயிலில் போகிறேன் என்று வீரமாகக் கிளம்பினேன். பிக்கரிங் நிலையத்தில் ரயில் வந்தது, ஏறினேன். ஜன்னலோரத்தில் பெரிய ஏரி வந்தது. கடல் என்றே நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே செபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், நெற்றிப் பொட்டைப் பார்த்துத் தமிழ் என்று கண்டுகொண்டு, "அக்கா எவடம் போறியள்?" என்றாள். ஒஷாவா என்றேன். "ஐயோ, இது ரொறன்ரோ போற ரெயின் அக்கா! ஒஷாவா அங்கால பக்கம்!" மன்னார்க்காரியாம். முதியோர் இல்லத்தில் வேலை. தன் நிறுத்தத்திலேயே என்னையும் இறக்கி, மறுபக்க மேடைக்குக் கூட்டிப்போய், என் ரயில் வரும்வரை நின்றுவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். வேலைக்குப் பிந்தாதா என்று கேட்டதற்கு, "பிந்தினால் பிந்தட்டும்" என்றாள்.

ஒத்திகையில் நான் ஆசிரியை இல்லை. அதை ஹோரஸ் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். புத்தகத்தை வாசிப்பதும் அவர் சொல்வதை எழுதிப் படித்துக்காட்டுவதும்தான் என் வேலை. விளக்கம் கேட்கமாட்டார். கணக்கு முழுவதையும் தலைக்குள் வைத்துக்கொண்டு, அறைக்குள் நடந்தபடி வரிவரியாகச் சொல்வார். நாற்பது வயதுக்கு மேல் எனக்கே கரும்பலகை இல்லாமல் ஓடாத கணக்குகள். சில நாள் தடுமாறுவார். அன்றைக்கு மேசையில் கையால் அடித்துவிட்டு, சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பார்.

அப்படி ஒரு நாள் அவர் உள்ளே நின்றபோது ராசன் மெதுவாகச் சொன்னார். "தரப்படுத்தல் எண்டு தமிழ்ப் பிள்ளையளிட்டக் கூடின மார்க்ஸ் கேட்ட நேரம் எனக்கும் கம்பஸில இடம் கிடைக்கேல்லை ரீச்சர். மார்க்ஸ் இருந்துது. கிடைக்கேல்லை. நான் அதை மறந்துபோனன் எண்டுதான் நினைச்சனான். இந்தாளுக்கு வாசிக்கத் தொடங்கின பிறகுதான் தெரியுது, மறக்கேல்லை."

சனிக்கிழமை வந்தது. பார்க்டேல் நூலகத்தில்தான் அறை கிடைத்திருந்தது. "பாக்டேலோ! என்ர இடம்! கண்ணைக் கட்டிக்கொண்டு போவன்" என்றார் ராசன். கண்ணைத் திறந்துகொண்டே மாட்டிக்கொண்டார். நெடுஞ்சாலையில் விபத்து, வரிசையாகக் கார்கள். எப்படியோ நகரத்துக்குள் நுழைந்து, காரை ஓரிடத்தில் விட்டுவிட்டு, தெருவில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரில் ஏறினோம். கொஞ்ச தூரத்தில் அதுவும் நின்றது. யாரோ ஒருவர் தண்டவாளத்தின்மேல் வேனை நிறுத்திவிட்டு எங்கோ போயிருந்தார். ஓட்டுநர் மணியை அடித்தார், அடித்தார். வேனுக்குக் காது கேட்கவில்லை.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் ஹோரஸ்.

"நடக்கேலாது மிஸ்டர் ஹோரஸ், கொஞ்சம் பொறுங்கோ" என்று பதற்றத்தில் ராசன் தமிழில் சொன்னார்.

ஹோரஸுக்கு அது எப்படிப் புரிந்ததோ. "பொறுத்தாயிற்று" என்று எழுந்தார்.

ஒரு கை ஊன்றுகோலில், ஒரு கை ராசன் தோளில். எதிர்க்காற்று ஏரியிலிருந்து ஊசிபோலக் குத்தியது. திபெத்துக்காரர் உணவகம், பழைய துணிக்கடை, சலவைக்கடை எல்லாம் தாண்டி நடந்தோம். ஒரு பழைய கட்டடத்தைக் காட்டி, "இதில மேல் மாடியிலதான் நாங்கள் இருந்தனாங்கள்" என்றார் ராசன், நிற்காமலே. நான் இருவருக்கும் பின்னால் பேனாக்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன்.

டாக்டர் ரெனே வாசலில் நின்றார். நாற்பது வயதிருக்கும். ஹோரஸின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். பிறகு, "மாணவர்கள் உட்காரலாம்" என்றார். ராசன் வெளியே நிறுத்தப்பட்டார். கதவின் மேல் கண்ணாடி வழியாக அவர் தொப்பி மட்டும் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் ரெனே கேள்வியை வாசிப்பார். ஹோரஸ் கண்ணை மூடிக்கொள்வார்.  பிறகு வரி வரியாக வரும். முதல் இரண்டு கேள்விகளும் ஆற்று நீர் மாதிரி ஓடின. மூன்றாவது கடினம். அவர் சரியான வழியைத்தான் எடுத்தார். பாதியில் கொசைனை வகையிடும் இடம் வந்தது. அங்கே ஒரு மைனஸ் வரவேண்டும். வரவில்லை. ஹோரஸ் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

என் கை என்னை அறியாமல் நின்றுவிட்டது. ஒரு நொடிகூட இருக்காது. எத்தனை ஆயிரம் விடைத்தாள்களில் இதே தவறைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பேன்! ஒரு சின்னக் கோடு. ஒரு இருமல் போதும். அவர் எத்தனை பனிக்காலம் தாண்டி இந்த மேசைக்கு வந்திருக்கிறார் என்று மனம் வாதாடியது. பிறகு அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். அதற்குப் பின்னால் வந்த எல்லா வரிகளும் தவறாகவே வந்தன. அவற்றையும் எழுதினேன். கடைசியில், "திருப்பிப் படிக்கவா?" என்று டாக்டர் ரெனே அனுமதித்தபடி கேட்டேன். "மூன்றாவது வேண்டாம். மற்றதைப் படியுங்கள்" என்றார் ஹோரஸ். மற்றவற்றைப் படித்தேன்.

திருத்தும் நேரத்தில் நாங்கள் மூவரும் வெளியே நடைபாதை பெஞ்சில் ஆறிப்போன ரோல்ஸ் சாப்பிட்டோம். ஹோரஸ் இரண்டு சாப்பிட்டார். நான் பாதியில் வைத்துவிட்டேன்.

டாக்டர் ரெனே கதவைத் திறந்து, "பி" என்றார். "தேறிவிட்டீர்கள்."

ராசன் குதித்தார். நிஜமாகவே, அந்த வயதில், இரண்டு காலும் தரையை விட்டு.

"ஏ இல்லையா?" என்றார் ஹோரஸ்.

"மூன்றாவதில் ஒரு குறி தவறு."

"சரி" என்று தலையாட்டினார். "அப்படியானால் பி நியாயம்."

டாக்டர் ரெனே பெட்டியிலிருந்து கறுப்பு அங்கி ஒன்றை எடுத்தார். அறையில் இருந்தது நாங்கள் நாலு பேர், ஒரு மேசை, சுவரில் குழந்தைகள் வரைந்த பூசணிக்காய்ப் படங்கள். அங்கியை ஹோரஸின் தோளில் போட்டுவிட்டு, பல்கலைக்கழகம் தனக்கு அளித்த அதிகாரத்தால் என்று தொடங்கி, அவர் முழுப்பெயரைச் சொன்னார். பட்டத்தின் பெயரைச் சொன்னார். பிறகு வருடத்தைச் சொன்னார். இந்த வருடம் இல்லை. அவருடைய வருடம். அவர் நண்பர்களோடு சேர்ந்து பட்டம் வாங்கியிருக்கவேண்டிய வருடம்.

ஹோரஸ் அசையாமல் நின்றார். "வருடத்தை இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றார்.

சொன்னார். ஹோரஸின் கழுத்துப்பட்டி நனைந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை.

பிறகு டாக்டர் ரெனே எங்களோடு தேநீர் குடித்தார். தானும் அங்கேயே படித்தவர்தான். கால்குலஸ் என்ற பாடமே இல்லாத கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்தவராம். "இப்போதும் என் மாணவர்களில் நிறையப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். செவிலியம், பொறியியல், விவசாயம், கணினி எல்லாம் இருக்கிறது. எல்லா நிறத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். கோடையில் ஒரு வகுப்பு வைத்து அடியிலிருந்து தொடங்குவோம். உங்களுக்கு இந்தப் பாடம் தெரியாதா, பரவாயில்லை, உட்காருங்கள் என்று சொல்வதற்குத்தான் எங்கள் பல்கலைக்கழகம்" என்றார். செங்கல்லில் விரல் பதிந்த சுவர் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கிறது. முதல் நாள் ஒவ்வொருவரையும் அதைத் தொடச்சொல்வோம்."

திரும்பி வரும்போது சாயங்காலம். ராசன் காரை ஓட்ட, ஹோரஸ் முன்னால் அங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். நான் பின்னால். அந்தக் குறியைப் பற்றிப் பேசுவதில்லை என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். இனி எதற்கு?

நகரம் தாண்டியதும் ஹோரஸே திரும்பாமல் சொன்னார். "மூன்றாவது கேள்வியில் உங்கள் பேனா நின்றது."



"கண் போனபிறகு காதுதான் எனக்கு. இத்தனை நாளும் உங்கள் பேனா ஒரே சீராக ஓடியது. அந்த இடத்தில் நின்றது. அப்போதே தெரிந்துகொண்டேன், அங்கே ஏதோ தவறு என்று."

"தெரிந்துமா விட்டீர்கள்? படிக்கச் சொல்லியிருக்கலாமே! திருத்தியிருக்கலாமே!"

"திருத்தியிருந்தால் அது உங்கள் விடையாகியிருக்கும், பேராசிரியரே. நான் வந்தது என் பரீட்சையை எழுத."

 ராசன் சாலையையே பார்த்து ஓட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே மரங்கள் மங்கலாகப் போயின.

கொஞ்ச நேரம் கழித்து ஹோரஸ், "இப்போது பரீட்சை முடிந்துவிட்டது. சொல்லுங்கள், எங்கே விட்டேன்?" என்றார்.

"கொசைன்" என்றேன்.  "மைனஸ்."

"அட முட்டாளே!" என்று தன் தொடையிலேயே ஓங்கி அடித்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடி, அந்தக் கணக்கை முதல் வரியிலிருந்து தொடங்கினார். மார்க் போட யாருமில்லை, எழுதிக்கொள்ள யாருமில்லை. ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிக்கரிங் தாண்டியது, மலரின் வீட்டுக்குத் திரும்பும் சாலையும் தாண்டியது. ராசன் வேகத்தைக் குறைத்து வலது ஓரமாகவே ஓட்டினார். ஒஷாவாவின் விளக்குகள் தெரிய ஆரம்பித்தபோது கடைசி வரியைச் சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"சரியோ ரீச்சர்?" என்று ராசன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சரி அண்ணே" என்றேன். "முழுக்கச் சரி."